பிள்ளைகள் பக்கம்: சேர்ந்து விளையாட எப்போது வரும்?

இந்த இதழில் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டேன். இரண்டு மூன்று பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் ஒரு பதிலிலேயே சேர்த்திருக்கிறேன்.

டீச்சர், என் மகளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேரவே மாட்டேன் என்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து தனியாக மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று சொல்கிறார்கள். என் மைனி இது ஏதோ கோளாறு, டாக்டரிடம் காட்டு என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.
— ஒரு தாய், தக்கலை

முதலில் நன்றாகத் தூங்குங்கள் அம்மா. உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ‘பக்கத்தில் உட்கார்ந்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். உங்கள் மகள் எங்கோ மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. மற்ற பிள்ளைகள் மண் அள்ளும் இடத்துக்குத்தான் அவளும் போகிறாள், அவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்கிறாள், பேச்சு மட்டும் இன்னும் கலக்கவில்லை. மூன்று வயதில் இதுவும் சேர்க்கைதான்.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர், பாலர் பள்ளிப் பிள்ளைகள் யாரும் சொல்லாமல் தாங்களாக விளையாடும் நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்துக் குறித்து 1932-இல் வெளியிட்டார். சில பிள்ளைகள் தனியாக விளையாடின. சில வேடிக்கை மட்டும் பார்த்தன. சில, உங்கள் மகளைப் போல, அடுத்த பிள்ளையின் பக்கத்தில் அதே பொருளை வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு விளையாடின. இன்னும் சில, பொருளைக் கொடுத்து வாங்கிப் பேசிக்கொண்டன. ஒரு கூட்டமாகச் சேர்ந்து நீ இது, நான் அது என்று வேலை பிரித்து விளையாடியவை கடைசி வகை, இது வயது கூடக்கூடத்தான் அதிகமாகத் தெரிந்தது. இதைப் படிக்கட்டு மாதிரி எடுத்துக்கொண்டு, என் பிள்ளை மூன்றாவது படியிலேயே நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே காலையில் கொஞ்சம் தனியாக, கொஞ்சம் பக்கத்தில், கொஞ்சம் சேர்ந்து என்று மாறி மாறி விளையாடும். பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்வது பல பிள்ளைகளுக்கு உள்ளே நுழையும் வழி, நான் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. ஒருநாள் பக்கத்துப் பிள்ளை ஒரு சிரட்டையை நீட்டும், இவள் வாங்குவாள், அன்றைக்கு அவ்வளவுதான் நடக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கூட்டத்தில் தள்ளிவிட்டு ‘போ மக்ளே, போய்ச் சேர்ந்து விளையாடு’ என்று சொல்லாதீர்கள், எப்படிச் சேர்வது என்பதுதானே அவளுக்கு இன்னும் தெரியாத விஷயம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பிள்ளையை, முடிந்தால் அவளைவிட ஆறு மாதமோ ஒரு வருடமோ மூத்த, சாதுவான பிள்ளையை, உங்கள் வீட்டு முற்றத்துக்கு வரச் சொல்லுங்கள். எல்லாம் இரண்டு இரண்டாக இருக்கட்டும், இரண்டு சிரட்டை, இரண்டு கரண்டி, ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் ஆற்று மணல். விலை கூடின பொம்மை எதுவும் வேண்டாம், அதில் சண்டைதான் வரும். நீங்கள் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டோ, கீரை ஆய்ந்துகொண்டோ உட்காருங்கள், கையில் போன் இல்லாமல்.

சண்டை வந்தால்? வரும். உடனே எழுந்து போய்ப் பறித்துப் பங்கு வைக்காதீர்கள். அடி விழும் நிலைமை இல்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். அப்புறமும் முடியவில்லை என்றால் பக்கத்தில் குனிந்து, பார்ப்பதை மட்டும் சொல்லுங்கள்: “ரெண்டு பேருக்கும் இந்தச் சிரட்டைதான் வேணும் போல, என்ன செய்யலாம்?” மூன்று வயதுப் பிள்ளைகளிடமிருந்து வரும் பதில் உங்களுக்கு நியாயமாகத் தெரியாமல் போகலாம், ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். பெரியவர் தீர்த்துவைத்த சண்டையில் பிள்ளை கற்றுக்கொள்வது பெரியவரைக் கூப்பிடுவதை மட்டும்தான்.

இன்னும் ஒரு வருடத்தில் அவள் கற்பனை விளையாட்டுக்குள் முழுமூச்சாகப் போவாள். ஒருத்தி தலையில் பாத்திரத்தை வைத்து மீன் விற்க வருவாள், இன்னொருத்தி திண்ணையில் உட்கார்ந்து விலை பேசுவாள். அப்போது கவனித்துப் பாருங்கள், வாங்குகிறவள் தன் முறை வரும்வரை காத்திருப்பாள், விற்கிறவள் ஓட ஆசைப்பட்டாலும் கூடையை இறக்காமல் நிற்பாள். மற்ற நேரத்தில் ஒரு நிமிடம் காத்திருக்கத் தெரியாத அதே பிள்ளைகள்! லெவ் வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் அழுத்திச் சொன்னார்: கற்பனை விளையாட்டில் ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு விதி இருக்கிறது, அந்த விதிக்காகப் பிள்ளை தன் ஆசையைத் தானே அடக்கிப் பழகுகிறது. மிரட்டி வாங்கும் அடக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

மைனி சொன்னதையும் ஒதுக்க வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, விருப்பப்பட்டதை விரல் நீட்டிக் காட்டாதது, கண்ணைப் பார்க்காதது, சோறு பொங்குவது போலவோ பொம்மைக்கு ஊட்டுவது போலவோ ஒருபோதும் விளையாடாதது, முன்பு சொன்ன வார்த்தைகள் காணாமல் போவது. இவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

நாலரை வயது மகன் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டான். வாயெல்லாம் துகளோடு நின்றுகொண்டு ‘முந்திரிக்கொத்தைப் பூனை தின்னுட்டு’ என்கிறான். இப்போதே அடித்துத் திருத்த வேண்டுமா?
— ஒரு தகப்பன், வடசேரி, நாகர்கோவில்

அடிக்க வேண்டாம். ஒரு சின்ன விஷயத்தை வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு டப்பாவில் முந்திரிக்கொத்தை வைத்துவிட்டு அவன் அம்மா வெளியே போகட்டும். நீங்களும் அவனும் அதை எடுத்து வேறு பாத்திரத்தில் வையுங்கள். பிறகு கேளுங்கள்: “அம்மா திரும்பி வந்தால் முதலில் எங்கே தேடுவாள்?” மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் புதுப் பாத்திரத்தைத்தான் காட்டும், தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று அது நினைக்கிறது. நான்கைத் தாண்டி ஐந்தை நெருங்கும்போது, பழைய டப்பாவில்தான் தேடுவாள், அவளுக்குத் தெரியாதே என்று சொல்ல ஆரம்பிக்கும். ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இருவர் 1983-இல் இப்படி ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் பலர் செய்து பார்த்துவிட்டார்கள்.

அம்மா மனதில் இருப்பது என் மனதில் இருப்பதிலிருந்து வேறு என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால்தான் பூனை மேல் பழியைப் போட முடியும். அதே அறிவால்தான் நாளைக்கு அழுகிற தங்கச்சிக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பான், கண்ணாமூச்சியில் ஒழுங்காக ஒளிந்துகொள்வான் (சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நடுவீட்டில் நிற்பது ஞாபகம் வருகிறதா), கதையில் வரும் நரி ஏமாற்றுவதைப் புரிந்து சிரிப்பான். பொய் நல்லது என்று நான் சொல்லவில்லை. இந்த வயதில் அது கெட்ட புத்தி இல்லை என்கிறேன்.

பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு அவனைச் சிக்கவைக்காதீர்கள். “யார் தின்னது?” என்று கேட்டால் பூனைதான் வரும். “முந்திரிக்கொத்து தின்னிருக்க, இன்னும் வேணும்னா கேட்டிருக்கலாம், வா வாயைத் துடை” என்று சொல்லி முடியுங்கள். உண்மை சொன்ன நாளில் அடி விழாமல் இருப்பது முக்கியம். அடிக்குப் பயந்த பிள்ளை பொய்யை நிறுத்தாது, இன்னும் நன்றாகச் சொல்லப் பழகும்.

வீட்டுக்காரர் ஆழ்கடல் தொழில். போனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பதினாலு மாதப் பிள்ளை அவரைக் கண்டால் வீறிட்டு அழுகிறது, என் கழுத்தை விடமாட்டேன் என்கிறது. அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் மனசு உடைந்துபோயிருக்கிறார். கொச்சுக்கு அப்பாவை மறந்துபோச்சா?
— ஒரு வாசகி, தூத்தூர்

உங்கள் கடிதத்தை அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வாசியுங்கள், இந்தப் பதில் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் அப்பாக்களின் வீட்டிலிருந்தும் இதே கேள்வி வந்திருக்கிறது.

எட்டு மாத வாக்கில் குழந்தைகளுக்கு வேற்றுமுகம் தெரிய ஆரம்பிக்கும். ஒரு வயதை ஒட்டி அது தூக்கலாக இருக்கும், பிறகு மெல்லக் குறையும். அதாவது உங்கள் பிள்ளை தன் ஆள் யார் என்று உறுதியாகத் தெரிந்துவைத்திருக்கிற நேரத்தில் அவர் கரைக்கு வந்திருக்கிறார். அழுகை வெறுப்பு இல்லை ஐயா. உங்களைத் தெரிந்துகொள்ள அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், உங்களுக்கோ அந்த நேரம் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான் சிக்கல்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் என்ற இருவர் 60 குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்து 1964-இல் எழுதினார்கள். குழந்தை ஒருவரிடம் ஒட்டிக்கொள்வது, அவர் எத்தனை மணி நேரம் உடனிருந்தார் என்பதையோ, யார் ஊட்டுகிறார் என்பதையோ மட்டும் பொறுத்து இல்லை. அது கூப்பிடும்போது யார் சட்டென்று பதில் கொடுக்கிறார், யார் அதோடு விளையாடுகிறார் என்பதோடுதான் அது அதிகம் சேர்ந்திருந்தது. ஒன்றரை வயதுக்குள் பல குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ‘தன் ஆட்கள்’ இருந்தார்கள், அதில் அப்பாக்கள் நிறைய. ஆக, கடலில் போன நாட்களை நினைத்து வருந்துவதைவிடக் கரையில் இருக்கும் நாட்களை எப்படிச் செலவிடுவது என்று பார்ப்போம்.

வந்த உடனே வாரித் தூக்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். தரையில் உட்காருங்கள், குழந்தையை நேராக உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில். முதலில் மனைவியோடு பேசிச் சிரியுங்கள், குழந்தை அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், அம்மா பயப்படவில்லையே என்று. கையில் ஒரு டப்பாவும் மூடியும் வைத்துத் தட்டுங்கள், நிறுத்துங்கள். அது ஒரு சத்தம் போட்டால் நீங்களும் அதே சத்தம் போடுங்கள். அது பொருளை நீட்டினால் வாங்கித் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் பத்து தடவை நடந்துவிட்டால் அதுவே உங்கள் பக்கம் நகரும். இரண்டு மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். அப்புறம் தினமும் ஒரு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள், குளிப்பாட்டுவதோ, சாயங்காலம் கடற்கரைக்குத் தூக்கிப் போவதோ. அந்த நேரத்தில் அம்மா குறுக்கே வரக்கூடாது.

அவர் கடலில் இருக்கும்போது நீங்கள் அவருடைய குரலைப் பதிந்து வைத்து, படத்தைக் காட்டியபடியே போட்டுக் காட்டலாம். சிக்னல் கிடைக்கும் நாளில் வீடியோவில் பேசட்டும். ஒன்றரை வயதுக்குள் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே 2016-இல் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தது, ஏனென்றால் எதிரே இருப்பவர் இந்தக் குழந்தைக்குப் பதில் சொல்கிறார். புறப்படும் நாளில், அழும் என்று பயந்து தூங்கும்போது நழுவிப் போகாதீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். அழட்டும். எழுந்து பார்த்து ஆள் காணாமல் போவதைவிட அது நல்லது.

இரண்டு வயதுப் பிள்ளை அத்தை பிள்ளைகளைக் கடித்துவைக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் விடியுமுன்னே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்விடுவோம், மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். ‘திருப்பிக் கடித்தால் புத்தி வரும்’ என்கிறார்.
— ஒரு தாய், குலசேகரம்

திருப்பிக் கடித்தால் பெரியவர்களும் கடிப்பார்கள் என்றுதான் பிள்ளைக்குத் தெரியவரும். மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் கடிப்பது சாதாரணம், கோபம் வந்துவிட்டது, சொல் இன்னும் வரவில்லை, வாய் முந்திக்கொள்கிறது. கடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். கடித்த பிள்ளையிடம் “கடிக்கக்கூடாது, வலிக்கும்” என்று ஒரே வரி, சிரிக்காமல், கத்தாமல். பிறகு அதற்கு ஒரு சொல் கொடுங்கள்: “என்னோடது”, “தா”, “வேண்டாம்” இப்படி. எப்போது கடிக்கிறது என்று மாமியாரைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போன பிறகு எழுந்து, பசியோடு, மூத்த பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கும் அந்த நேரமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுந்ததும் கொஞ்ச நேரம் ஆச்சி மடியிலேயே இருக்கட்டும், ஏதாவது வயிற்றுக்குள் போகட்டும், அப்புறம் விளையாட விடலாம்.

மகள் நன்றாகப் படம் வரைகிறாள், ஐந்து வயது. உற்சாகப்படுத்த ஒரு படத்துக்கு ஐந்து ரூபாய் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், குளச்சல்

வேண்டாம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973-இல் இதைத்தான் சோதித்தார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாத நாட்களில் அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். உட்கார்ந்து “இது யாரு? இங்க ஏன் நீலம்?” என்று கேளுங்கள், போதும்.

பேரனுக்கு நாலு வயது. அங்கன்வாடியில் பாட்டும் விளையாட்டும்தான், ஓர் எழுத்துகூட எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஆங்கிலப் பள்ளியில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான். மாற்றிவிடலாமா என்று மகன் கேட்கிறான்.
— ஒரு தாத்தா, தோவாளை

நான்கு வயதில் எழுதவில்லை என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள் ஐயா. பிறக்கும்போது மணிக்கட்டில் குருத்தெலும்புதான் இருக்கிறது, அது எலும்பாகக் கெட்டிப்படப் பல வருடங்கள் ஆகும். விரல்கள் தனித்தனியாக வேலை செய்யப் பழகாமல் பென்சிலைக் கொடுத்தால் பிள்ளை முழங்கையாலும் தோளாலும் எழுதும், பத்து நிமிடத்தில் கை வலிக்கும், எழுத்தே வெறுத்துப்போகும்.

நீங்கள் இருக்கும் ஊரைப் பாருங்கள். சந்தையில் பிச்சி, அரளி, கேந்தி, சம்பங்கி என்று குவிந்து கிடக்கிறதே, அதில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து பேரன் முன்னால் போடுங்கள். நிறம் பிரிக்கட்டும், பெரியது சிறியது பார்க்கட்டும், பத்துப் பத்தாக எண்ணி வைக்கட்டும், தடித்த நூலில் கேந்தியைக் கோக்கட்டும். கணக்குக்கும் எழுத்துக்கும் முன்னால் வர வேண்டியவை எல்லாம் அந்தக் குவியலில் இருக்கின்றன. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் முதலில் பொருள்களைப் பிரித்து, அடுக்கி, முடிச்சுப் போட்டுத்தான் பழகினார்கள். சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பழகிய பிறகே எழுத்து வந்தது. அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து போர்க்காலம் முழுவதும் நம் நாட்டில்தான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அரிசியிலும் மணலிலும் விரலால் எழுதிப் பழகும் வழக்கம் உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே உண்டே.

அங்கன்வாடியில் பார்க்க வேண்டியது வேறு. பிள்ளையோடு பேசுகிறார்களா? கதை சொல்கிறார்களா? வெளியே ஓட விடுகிறார்களா? மூன்று நான்கு வயதில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது உடல் அசைந்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. இவை நடக்கிறது என்றால் அங்கேயே இருக்கட்டும். நாள் முழுக்கப் பிள்ளைகளை உட்காரவைத்துவிடுகிறார்கள் என்றால் தாராளமாக மாற்றுங்கள், அது அங்கன்வாடியானாலும் ஆங்கிலப் பள்ளியானாலும்.

வீட்டில் நான் தமிழ், அவர் வீட்டார் மலையாளம், போனில் ஆங்கிலப் பாட்டு. மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். இரண்டு மொழியிலும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான். ஒரு மொழியை நிறுத்துங்கள், குழம்பிப்போகிறான் என்கிறார்கள் எல்லோரும்.
— ஒரு தாய், கொல்லங்கோடு

நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. உங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இரண்டையும் பேசித்தான் வளர்கிறார்கள். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், அம்மாமை மலையாளத்திலேயே கொஞ்சட்டும், யாருக்கு எது மனதிலிருந்து வருகிறதோ அது.

நிறுத்த வேண்டியது போன் பாட்டை. பாட்ரிசியா குல் என்பவரும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசியபோது அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியப் பழகின. அதே ஆள் அதே பேச்சை வீடியோவில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. மகன் காக்காயைப் பார்த்தால் நீங்களும் பாருங்கள், “காக்கா” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள், அவன் ஏதாவது சத்தம் போட்டால் அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

ஆனால் இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் எல்லா மொழியும் சேர்த்து எண்ணினாலும் ஐம்பது வார்த்தை வாக்கில், ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசும் அளவுக்கு வந்திருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு என்பது குறைவு. இதற்கு மொழிகளைக் காரணம் சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள், ‘ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்’ என்பதையும் கேட்காதீர்கள். இந்த மாதமே காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். கதவைச் சாத்தினால் திரும்புகிறானே என்று விட்டுவிடக் கூடாது, பெரிய சத்தம் கேட்டும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம், அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்தாலும் அப்படி ஆகும். பிறகு குழந்தைகள் மருத்துவரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டுங்கள். போகும்போது அவன் சொல்லும் வார்த்தைகள் எல்லாவற்றையும், மழலையாக இருந்தாலும், தமிழ் மலையாளம் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், அவர்களுக்கு அது மிகவும் உதவும். முடிவு வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.